முதலில் வீட்டைக் கவனியுங்கள், போனை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு நாலரை வயது, மகனுக்கு 11 மாதம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மாமியார் கூட இருக்கிறார், ஆனால் முட்டிவலியால் அவரால் பையன் பின்னால் ஓட முடியாது. பையன் இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். ‘தொடாதே, இழுக்காதே, வாயில் வைக்காதே’ என்று நாள் முழுக்கக் கத்தித் தொண்டை வறண்டுவிடுகிறது. மகளோ ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ‘போரடிக்குதும்மா’ என்று வந்து நிற்கிறாள். மீட்டிங் நேரத்தில் இரண்டு பேர் கையிலும் போனைக் கொடுத்துவிடுகிறேன். இரவு படுத்தால் அதுவே மனதை உறுத்துகிறது. போனை நிறுத்துவது எப்படி? இன்னொன்று, பையனுக்கு வாக்கர் வாங்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வருந்தியிருப்பது போனைப் பற்றி. குழந்தை மருத்துவரான என் கண்ணில் முதலில் பட்டது வேறொன்று: ஒரு நாளில் அத்தனை முறை ‘தொடாதே’ சொல்ல வேண்டியிருக்கிற வீடு. அதைச் சரிசெய்தாலே போனுக்கான தேவை கணிசமாகக் குறைந்துவிடும் என்பது என் அனுபவம்.

உங்கள் பையனுக்கு ‘தொடாதே’ என்பது கொஞ்சம் புரியும். உங்கள் குரலைக் கேட்டதும் கையை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான். சில நேரம் சிரிப்பான். ஆனால் அதை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் பார்க்காதபோதும் ஆசையை அடக்கும் திறன் இந்த வயதில் கிடையாது. மூன்று, நான்கு வயதில்தான் அது மெல்ல மெல்லக் கூடிவரும். அதுவரைக்கும் அவனைத் திருத்த முயல்வதைவிட அறையை மாற்றுவது சுலபம்.

முழு வீட்டையும் மாற்ற வேண்டாம். கூடத்தில் தடுப்பு வேலி போட்ட ஒரு பகுதி போதும், நீங்கள் வேலை பார்க்கும் மேஜையிலிருந்து கண்ணில் படும் இடமாக இருக்கட்டும். அதற்குள் அவன் எதைத் தொட்டாலும், எதை இழுத்தாலும், எதை வாயில் வைத்தாலும் நீங்கள் பதறி எழவேண்டியதில்லை என்ற நிலைக்கு அதைக் கொண்டுவாருங்கள். முதல் வேலை, தரையில் மண்டியிட்டுத் தவழ்ந்து பார்ப்பது. வேடிக்கையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தவழ வேண்டும். நின்றால் தெரியாதவை அப்போதுதான் தெரியும்: சோபாவுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரை, மேஜையிலிருந்து தொங்கும் சார்ஜர் வயர், இழுத்தால் மேலே இருப்பதையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிடும் மேஜைவிரிப்பு, ஜன்னல் திரையை ஏற்றி இறக்கும் கயிறு. இந்தக் கயிறு கழுத்தில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து, எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டிவிடுங்கள். பிடித்து நிற்கிற குழந்தை சீக்கிரமே ஏறவும் செய்யும். இழுப்பறைகளைத் திறந்தால் அவனுக்கு அவை படிக்கட்டு. அலமாரியையும் டிவியையும் சுவரோடு இறுக்கிப் பொருத்திவிட்டால் அவை மேலே சாயாது.

இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டுமே சத்தமில்லாமல் நடப்பவை, அதனால்தான் பெரியவர்கள் கோட்டைவிடுகிறார்கள்.

முதலாவது பட்டன் பேட்டரி. ரிமோட், எடை பார்க்கும் மெஷின், காய்ச்சல் பார்க்கும் கருவி, திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் பொம்மை என்று வீடு முழுக்க இருக்கிறது. நாணயம் மாதிரி தட்டையாக, 20 மி.மீ. அகலத்தில் இருக்குமே, அந்த லித்தியம் பேட்டரிதான் மிக மோசம். நாணயத்தை விழுங்கினால் பெரும்பாலும் அதுவே வெளியே வந்துவிடும். இது உணவுக்குழாயில் சிக்கினால் அங்குள்ள ஈரத்தின் வழியாக மின்சாரம் பாயும். அப்போது பேட்டரி தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கடுமையான காரம் உருவாகிச் சதையை அரிக்கத் தொடங்கும். 2 மணி நேரத்துக்குள் ஆழமான புண் ஆகிவிடலாம். பேட்டரி உடைந்து கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். முழுசாக இருந்தாலும் இதுதான் நடக்கும். ரிமோட் வேலை செய்யவில்லை என்று கழற்றிப் போட்ட ‘தீர்ந்துபோன’ பேட்டரியிலும் அதற்கு வேண்டிய மின்சாரம் மிச்சம் இருக்கும்.

விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். எச்சில் வடியும், இருமும், சாப்பிட மறுக்கும். சளி என்றுதான் தோன்றும். ஆகவே மூடியில் ஸ்க்ரூ இல்லாத எந்தக் கருவியும் பையன் கைக்கு எட்டக்கூடாது. பழைய பேட்டரியைக் கழற்றியதும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்து, முதல் வேலையாக அப்புறப்படுத்துங்கள். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய்விடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடும் கொடுக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை என்றால், விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல், விழுங்கவும் முடிகிறது என்றால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 முறை. அரிப்பை அது கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தேன் தேடி நேரத்தைப் போக்கக்கூடாது. உங்கள் மகனுக்கு இன்னும் ஒரு வயதாகாததால் தேன் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

மகளின் பொம்மைகளில் குட்டிக் காந்தங்கள் இருந்தால் அவற்றையும் இதே வரிசையில் வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலின் இருவேறு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடலையே துளைத்துவிடும்.

இரண்டாவது, வாளித் தண்ணீர். குழந்தை தண்ணீரில் விழுந்தால் தொபுக்கென்று சத்தம் வரும், அழும், ஓடிப் போய்த் தூக்கிவிடலாம் என்று நாம் நம்புகிறோம். அப்படி நடப்பது அபூர்வம். இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். வாளியின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கும்போது தலை உள்ளே சாயும், காலைத் தரையில் ஊன்றித் திரும்ப எழும் பலம் இருக்காது. முகம் தண்ணீருக்குள் இருப்பதால் கத்தவும் முடியாது. மூக்கும் வாயும் மூழ்குகிற அளவு, சில செ.மீ. தண்ணீர் போதும். வேலை முடிந்ததும் வாளியைக் காலிசெய்து கவிழ்த்துவிடுங்கள். குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். அவனைக் குளிப்பாட்டும்போது போன் அடித்தால் அடிக்கட்டும். கதவைத் திறக்கப் போகவேண்டியிருந்தால் ஈரத்தோடு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டே போங்கள். ‘தம்பியைப் பாத்துக்கோ’ என்று நாலரை வயதுப் பெண்ணிடம் அந்த ஒரு நிமிடத்தை ஒப்படைக்கவே கூடாது.

சூடான பானத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனை மடியில் உட்கார வைக்காதீர்கள். கலந்து கால் மணி நேரம் ஆன பிறகும் குழந்தையின் மெல்லிய தோலை அது சுட்டுவிடக்கூடும். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், ஐஸ், மை எதுவும் வேண்டாம்.

அப்புறம் உங்கள் மாமியாரின் மாத்திரை டப்பா. கிழமை வாரியாகக் கட்டம் போட்ட டப்பாக்கள் பெரியவர்கள் சுலபமாகத் திறப்பதற்கென்றே செய்யப்பட்டவை. குழந்தைக்கும் அவை சுலபம், குலுக்கினால் சத்தம் வேறு வரும். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளில் ஒன்றிரண்டே சின்னக் குழந்தையை ஆபத்தில் தள்ளிவிடும். இதை அவரிடம் குறை சொல்வதுபோல் சொன்னால் ‘நாங்க வளர்க்காத பிள்ளையா’ என்றுதான் பதில் வரும், அது நியாயமும்கூட. ‘அத்தை, இவன் எல்லாத்தையும் இழுக்கிறான், உங்க மாத்திரையை எங்க வச்சா உங்களுக்கு எடுக்கத் தோதா இருக்கும், இவனுக்கு எட்டாது?’ என்று அவரையே இடம் சொல்லச் சொல்லுங்கள். தானே சொன்ன இடத்தை அவர் மறக்க மாட்டார்.

அத்தைக்கு ஓட முடியாவிட்டால் பரவாயில்லை. வேலியடைத்த பகுதிக்குள் ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்தால் போதும். பையன் எதையாவது காட்டும்போது பேர் சொல்லிப் பேசவும், அவன் ‘ப்பா ப்பா’ என்றால் திரும்பச் சொல்லவும் முட்டி தேவையில்லை. எந்த ஆப்பும் தராத பேச்சு வளர்ச்சி அதில் கிடைக்கிறது.

சரி, விளையாட்டுக்கு வருவோம். இரண்டு வயதுகள் ஒரே கூடத்தில் இருப்பதுதான் உங்கள் வீட்டின் உண்மையான சிக்கல். மகளுக்கு மணி கோக்கவும், சின்னச் சின்னக் கட்டைகளை அடுக்கவும் ஆசை. அவை எல்லாமே மகனின் மூச்சுக்குழாய்க்கு ஆபத்து. டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் அவனிடம் போகக்கூடாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊதாத பலூனும், வெடித்த பலூன் துண்டும் அந்தக் கணக்கில் சேர்ந்தவைதான், அவை தொண்டையில் ஒட்டி அடைத்துவிடும். இதற்கு நான் அடிக்கடி சொல்லும் யோசனை, தடுப்பு வேலியைத் திருப்பிப் பயன்படுத்துவது: மகள் தன் மணிகளோடு வேலிக்குள்ளே, தம்பி அத்தையின் பார்வையில் வெளியே. தன் கோட்டையைத் தம்பி இடிக்க மாட்டான் என்று தெரிந்தால் அவள் எவ்வளவு நேரம் தனியாக விளையாடுகிறாள் என்று பாருங்கள். பாதிச் சண்டையும் அதோடு போய்விடும். வேலியைத் திறக்கும் முன் தரையில் மணி ஏதும் சிதறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

பொம்மை நிறைய இருந்தால் நிறைய நேரம் விளையாடுவார்கள் என்பது நாம் எல்லோரும் நம்பிக் காசைச் செலவழிக்கிற ஒரு தப்பான கணக்கு. 2018-இல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும், ஒருமுறை 16 பொம்மைகளோடும் விட்டுப் பார்த்தார்கள். 4 இருந்தபோதுதான் ஒவ்வொன்றையும் அதிக நேரம் வைத்திருந்து, விதவிதமாக விளையாடினார்கள். ஆகவே முக்கால்வாசிப் பொம்மைகளை மூட்டைகட்டிப் பரண்மேல் போடுங்கள். வாரத்துக்கு ஒருதரம் மாற்றி எடுங்கள். பழையதே புதிதாகத் தெரியும்.

உங்கள் பையனுக்கு இப்போது பொம்மையே அவ்வளவு வேண்டியதில்லை. ஒரு பெரிய டப்பா, அதற்குள் போட்டு எடுக்க நாலைந்து கிண்ணங்கள், ஒரு மூடி. போடுவான், எடுப்பான், கவிழ்ப்பான், மறுபடி போடுவான். ஸ்பூனை மேலிருந்து கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பதை வேண்டுமென்றே செய்யும் சேட்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணில் படாத பொருளும் எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது என்பதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். நாலு தடவை எடுத்துக் கொடுங்கள், ஐந்தாவது தடவை அலுத்தால் எடுக்காமலும் இருக்கலாம்.

மகளின் ‘போரடிக்குது’ வேறு ரகம். பல நேரம் அதற்கு ‘என்னைப் பார்’ என்றுதான் பொருள். தம்பி பிறந்த பிறகு அவளுக்குக் கிடைக்கும் அம்மா பாதிதானே. வேலையைத் தொடங்கும் முன் 15 நிமிடம் அவளுக்கு மட்டும் கொடுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். என்ன விளையாட்டு என்பதை அவள் சொல்லட்டும், அவள் டாக்டர் என்றால் நீங்கள் நோயாளி. நடுவில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, நிறம் கேட்பது எல்லாம் வேண்டாம். முடிந்ததும் கடிகாரத்தைக் காட்டி, ‘பெரிய முள் 6-க்கு வர்ற வரைக்கும் அம்மாவுக்கு வேலை’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். முள் 6-க்கு வந்ததும் சொன்னபடி போய் நில்லுங்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறோம். சொன்ன நேரத்துக்கு அம்மா வந்துவிடுவாள் என்று நம்பும் குழந்தைதான் நடுவில் வந்து தொந்தரவு செய்யாது.

அதற்குப் பிறகும் ‘போரடிக்குது’ என்றால் உடனே எதையாவது நீட்டாதீர்கள். ‘அப்படியா, என்ன பண்ணலாம்னு யோசி’ என்று விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரம் சிணுங்குவாள், தரையில் புரளுவாள், பிறகு ஓர் அட்டைப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ஏதோ ஆரம்பிப்பாள். பெட்டி, பழைய போர்வை, துணி மாட்டும் கிளிப், சாக்பீஸ் மாதிரியான பொருட்கள் வீட்டில் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் உங்கள் பங்கு. ஆனால் இந்த வயதில் தனியாக 20 நிமிடம், அரை மணி என்பதே நல்ல நேரம். இரண்டு மணி நேரத்தை எதிர்பார்க்காதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தவழும் குழந்தையையும் நாலரை வயதுக் குழந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு மணி நேர வேலையை ஒருவரே ஒழுங்காகச் செய்ய முடியாது. செய்வதாகச் சொல்பவர்கள் வீட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொருவர் இருக்கிறார். உங்கள் கடிதத்தில் குழந்தைகளின் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முக்கியமான மீட்டிங்குகள் எவை என்று வாரத் தொடக்கத்திலேயே அவரோடு உட்கார்ந்து பேசி, அந்த நேரங்களுக்கு அவரோ வேறொரு பெரியவரோ பொறுப்பு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மற்ற மீட்டிங்குகளைப் பையன் தூங்கும் நேரத்துக்கு நகர்த்தப் பாருங்கள். பகலும் இரவும் சேர்த்து இந்த வயதில் 12 முதல் 16 மணி நேரம் தூங்க வேண்டும், ஆகவே பகல் தூக்கம் உங்களுக்குக் கிடைக்கிற வரம். மகளுக்கு 10 முதல் 13 மணி நேரம்.

இப்போது போன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரை, ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம் என்கிறது. 3, 4 வயதில் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஆகவே இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே விதி இல்லை. பையனிடமிருந்து போனை முழுதாக எடுத்துவிடுங்கள். தூரத்தில் இருக்கும் தாத்தாவோடு வீடியோவில் பேசுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதில் எதிரில் ஒரு மனிதர் இருக்கிறார். மகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நீங்களும் இரவில் விழித்திருந்து வருந்த வேண்டாம். எப்போது கொடுக்கிறீர்கள் என்பதில்தான் கவனம் தேவை. அழுதால் கிடைக்கும், நச்சரித்தால் கிடைக்கும் என்று ஆகிவிட்டால் அழுகை அவள் கையில் ரிமோட் ஆகிவிடும். தினமும் ஒரே நேரம், உங்களுக்கு மிகக் கடினமான மீட்டிங் நேரமாகவே இருக்கட்டும். முடிவுள்ள ஒரு கதையாகத் தேர்ந்தெடுத்து, அடுத்தடுத்துத் தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். கையில் போனாக இல்லாமல் தள்ளியிருக்கும் பெரிய திரையாக இருந்தால் நல்லது. சாப்பிடும்போதும், படுக்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் வேண்டாம்.

மாலையில் வெளியே விடுங்கள். மகளின் வயதில் நாளுக்கு 3 மணி நேரம் உடம்பு அசைய வேண்டும், அதில் 1 மணி நேரமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும். வெளிச்சத்தில் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைகிறது. ஏறினால் ஏறட்டும், பக்கத்தில் நில்லுங்கள், ‘விழுந்துடுவே’ என்பதற்குப் பதில் ‘அடுத்த காலை எங்க வைக்கப் போற?’ என்று கேளுங்கள். வீட்டுக்குள் நான் இத்தனை கண்டிப்பு காட்டிவிட்டு வெளியே இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம். பேட்டரியையும் வாளியையும் குழந்தையால் கணிக்க முடியாது. சுவரின் உயரத்தை அவள் கண்ணால் பார்த்துக் கணிக்கிறாள், பயந்தால் இறங்கிவிடுகிறாள். முட்டி சிராய்த்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டால் போதும்.

வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் மூச்சடைப்புக்கான முதலுதவியை ஒரு பயிற்சி வகுப்பில் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் 5 அழுத்தம். அடைத்தது வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. பெரியவளுக்கு நெஞ்சுக்குப் பதில், பின்னாலிருந்து கட்டிப்பிடித்து மேல்வயிற்றில் அழுத்த வேண்டும். குழந்தை பலமாக இருமிக்கொண்டிருந்தால் எதுவும் செய்யாமல் இரும விடுங்கள். அடைத்த பொருள் கண்ணில் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக்கூடாது, அது இன்னும் உள்ளே போய்விடும். குழந்தை நினைவிழந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் உயிர்காப்பு முறையைத் தொடங்க வேண்டும்.

கடைசியாக வாக்கர். வேண்டாம். உட்கார்ந்து தள்ளும் வாக்கர் சீக்கிரம் நடக்க வைக்காது, சில குழந்தைகளுக்கு நடையைக் கொஞ்சம் தள்ளியே போடுகிறது. சக்கரம் வைத்திருப்பதால் கண் சிமிட்டும் நேரத்தில் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடும், உட்கார்ந்த உயரத்தில் கை வேறு கூடுதலாக எட்டும். கனடா 2004-இலேயே இதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. யாராவது பரிசாகக் கொடுத்திருந்தால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் நடைவண்டி என்றால் சமதரையில், நீங்கள் கூடவே இருக்கும்போது கொடுக்கலாம். கனமில்லாத வண்டி சட்டென்று முன்னால் ஓடிவிடும், அதில் ஏதாவது பாரம் ஏற்றிவிட்டுக் கொடுங்கள்.